வெடிக்காரர் வீட்டு ஓலைப்பெட்டி

பெட்டி வாசலுக்குள் நுழையவில்லை.

குவார்ட்டர்ஸ் கட்டியவர்கள், கட்டிலும் பீரோவும் போனால் போதும் என்று கதவு வைத்திருந்தார்கள். ஆறு சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு படியேறி நேராக ஒரு தடவை பார்த்தார்கள், பின்வாங்கி மறுபடியும் பார்த்தார்கள். முன்னால் நின்றவன் இந்தியில் என்னவோ சொன்னான். பெட்டியை ஒருக்களித்துச் சாய்க்கப் போனார்கள்.

"சாய்க்காதீங்க!"

சங்கரலிங்கம் போட்ட சத்தத்தில் தெருவே அடங்கிப் போனது. ராணுவ லாரி வந்து நின்றதிலிருந்து அந்த மனுஷர் வாயைத் திறந்திருக்கவில்லை.

"சாய்க்காதீங்கய்யா. உள்ள... உள்ள எல்லாம் ஒரு பக்கமா வந்துரும்."

யாருக்கும் புரியவில்லை. தமயந்திக்குப் புரிந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் வெடி வைக்கிற புருஷனுக்கு இருபத்தைந்து வருஷமாகச் சோறு போடுகிறவளுக்கு, வெடி என்ன செய்யும் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டாம்.

"வெளியிலேயே வைங்க" என்றாள். "வேப்பமரத்தடியில வைங்க. கோடையில அவன் அங்கதான் கட்டிலப் போட்டுப் படுப்பான்."

பக்கத்து வீட்டு லூர்துமேரி தன் வீட்டு பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். அதன்மேல் பெட்டியை இறக்கி வைத்து, மேலே போர்த்திய தேசியக்கொடியைச் சரி செய்தார்கள். பெட்டியின் ஒரு முனையில் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தது. அதுதான் தலைமாடு என்று சொன்னார்கள்.

ராஜேந்திரன் ஒரே பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து ஆறு வருஷம். போன ஆடியில் சிலோனுக்குக் கப்பலேறும்போது, 'சண்டைக்கு இல்லை அம்மா, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு சமாதானம் பண்ணப் போறோம்' என்று எழுதியிருந்தான். சமாதானம் ஐப்பசி வரைக்குந்தான் தாங்கியது. இப்போது மாசி.

"மூஞ்சியையாவது காட்டச் சொல்லும்மா" என்று தெருப் பெண்கள் அழுதார்கள். "பெத்தவ மூஞ்சியப் பாக்காம அனுப்புறதா?"

கூட வந்திருந்த சுபேதார் தலையைக் குனிந்துகொண்டார். சங்கரலிங்கத்தின் அண்ணன் மாடசாமி சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கியவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"எய்யா, ஒரு ஆணியக் கழத்துங்க. நாங்க பாத்துக்கிடுதோம். எங்க பிள்ளதானே."

"வேணாம்ணே" என்றார் சங்கரலிங்கம்.

"ஏன்டா வேணாம்னு சொல்லுத?"

"வேணாம்னா வேணாம்."

அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. பெட்டியோடு கூடவே வந்த நாயக் பதவிக்காரன் ஒருவன் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பவுல்ராஜ் என்று பெயர், விழுப்புரம் பக்கத்துப் பையன், ராஜேந்திரன் இருந்த அதே பிரிவு. சங்கரலிங்கம் நேரே அவனிடம் போனார்.

"எப்படி?"

"கண்ணிவெடிங்க. ரேஷன் ஏத்திகினு போன வண்டி."

"ரோட்டு மேலயா, பாலத்துக்கு அடியிலயா?"

"சின்னப் பாலம் ஒண்ணுங்க. அதுக்குக் கீழ."

"அவன் வண்டிக்கு முன்னால வேற வண்டி போச்சா?"

"போச்சுங்க. அதை வுட்டுட்டானுங்க."

"அப்ப மிதிச்சு வெடிக்கலை. எவனோ தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கான்." சங்கரலிங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே கேட்டார். "சத்தம் ஒண்ணா, விட்டு விட்டு வந்துச்சா?"

"ஏ சங்கரலிங்கம், என்னலே கேள்வி இது?" மாடசாமி தம்பியின் தோளைப் பிடித்தார்.

"விடுண்ணே. சொல்லு தம்பி. ஒண்ணா?"

"ஒரே சத்தம்தாங்க."

"ஒண்ணு." ஃபோர்மேனிடம் கணக்குக் கேட்டு வாங்குகிறவரைப் போலத் தலையாட்டினார். "சுத்தமா வெடிச்சிருக்கு."

நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று யாரோ சொன்னது தமயந்தியின் காதில் விழுந்தது. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஏனென்றால் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது வேறு. முந்திரிக்காடு. நாலைந்து வருஷத்துக்கு முன்னால், சிலோனில் தமிழர்களை வீட்டோடு வைத்துக் கொளுத்திய செய்தி வந்து, ஊரே துடித்துக்கிடந்த காலம் அது. டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட உண்டியல் குலுக்கினார்கள். லூர்துமேரி கல்யாணச் சேலையைக் கொடுத்தாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் சிலோன் பையன்கள் கூடாரம் போட்டுச் சண்டைப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், போலீஸ்காரர்களுக்கும் தெரியும். ஒரு நாள் யாரோ வந்து சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். "கவர்மெண்டே அவங்களுக்குச் சோறு போட்டு வச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிக் குடுத்தா என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டு வார லீவில் சைக்கிளை எடுத்தார். சுரங்கத்திலிருந்து ஒரு குண்டூசிகூட எடுத்துப் போகிற ஆளில்லை அவர். அவர் கொண்டுபோனது வெடி வைக்கிற தன் கைப்பழக்கத்தை மட்டும்தான். அப்புறம் வார லீவு தோறும் போனார்.

சில நாள் பையன்கள் இங்கேயே வருவார்கள். அதில் குமரன் என்று ஒருவன். அது அவன் சொந்தப் பெயரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மீசை சரியாக முளைக்காத வயசு. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, உங்கட சாம்பாருக்கு முன்னால எங்கட அம்மா தோத்துப் போவா" என்று சொல்லிச் சொல்லியே நாலு கரண்டி வாங்கிவிடுவான். ராஜேந்திரன் லீவில் வந்திருந்தபோது இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பட்டாளத்துக் கதை கேட்டுக் கேட்டு அவன் ராஜேந்திரனைத் தூங்கவிடமாட்டான்.

"வெடி வச்சிட்டா அப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாதுடா" என்பார் சங்கரலிங்கம், சாதத்தைப் பிசைந்துகொண்டே. "விசிலடிச்சோமா, நடந்தோமான்னு போய்க்கிட்டே இருக்கணும். திரும்பிப் பாக்கிறவன் வெடிக்காரன் இல்லை."

"பாக்காட்டி எப்பிடி ஐயா வெடிச்சது தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு? எத்தனை வச்சோமோ அத்தனை சத்தம் வரணும். எண்ணிக்கிட்டே போவேன். ஒண்ணு குறைஞ்சா அது மண்ணுக்குள்ள உசுரோட கெடக்குன்னு அர்த்தம். அடுத்த ஷிப்ட்ல எவனாவது தெரியாம அது மேல போய் நிப்பான்."

சிலோனுக்குத் திரும்பிப் போகும்போது குமரன் பனையோலையில் மூடி வைத்த பெட்டி ஒன்று முடைந்து கொடுத்துவிட்டுப் போனான். "எங்கட ஊரில இதுக்குள்ளதான் எல்லாம் வைப்பம் அம்மா" என்றான். அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அது இருந்தது. படியரிசி அளக்க, உளுந்து கொட்டி வைக்க, எதற்காவது கைக்கு வரும்.

"அம்மா."

பவுல்ராஜ் அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் லூர்துமேரி கொடுத்த காபி, குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"உங்களைப் பத்தி ராஜேந்திரன் சொல்லிகினே இருப்பான்மா. எனக்கு உங்க மொகம்கூட தெரிஞ்ச மாதிரி இருக்கு."

"சாப்பிட்டியாப்பா?"

"அங்க நாங்க போய் எறங்கினப்ப ரோட்டுல ரெண்டு பக்கமும் சனம்மா. மாலை போட்டாங்க. ஆரத்தி எடுத்தாங்க. கொழந்தைங்கள எங்க கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க." அவன் காபி டம்ளரைத் திருப்பிக்கொண்டே பேசினான். "கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பையன், 'இதில நெய்வேலி ஆக்கள் ஆரும் இருக்கினமோ'ன்னு கேட்டுகினு வந்தான். ராஜேந்திரனப் பாத்ததும் ஓடி வந்து கட்டிப் புடிச்சிகினான். 'அம்மா சுகமே? ஐயா சுகமே? ஓலைப்பெட்டி இன்னும் இருக்கோ?'ன்னு கேட்டான்."

தமயந்தி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் டீக்கடையில உக்காந்து ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் ஐப்பசியில எல்லாம் தலைகீழா ஆயிடுச்சி. எங்களுக்கு மாலை போட்ட வூட்டுக்குள்ளயே நாங்க பூட்ஸோட ஏறிப் போய்த் தேடினோம்மா. கொழந்தைங்க எங்களப் பாத்தா கத்திச்சுங்க. அந்தப் பையன் அதுக்கப்புறம் கண்ணுலயே படல. ராஜேந்திரன் ராத்திரி டியூட்டியில சொல்லுவான், 'அவன் மட்டும் என் எதிர்ல வந்துடக் கூடாதுடா பவுலு. வந்தா நான் என்னடா பண்ணுவேன்'னு."

"அவன் பேர் என்னன்னு..."

"ராஜேந்திரன் குமரன்னு கூப்டான்மா. அங்க எல்லாருக்கும் வேற வேற பேர். சரியா தெரியல."

"இதை ஐயாகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா. அவரு வேற என்னென்னமோ கேக்கறாரு."

"சொல்லாதே" என்றாள். சொன்ன வேகத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான். "இந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் அவருகிட்ட இந்தப் பேச்சே எடுக்காதே. நீ எனக்குப் பிள்ள மாதிரி."

அவன் தலையாட்டினான்.

வெயில் ஏற ஏற மாடசாமி அவசரப்பட்டார். சங்கு ஊதி, குளிப்பாட்டுகிற சடங்கைப் பெட்டிமேல் தண்ணீர் தெளித்து முடித்தார்கள். "வாய்க்கரிசி எடுத்துட்டு வாங்க" என்றார்கள். லூர்துமேரி அடுப்படிக்குள் ஓடினாள். இந்தச் சடங்கெல்லாம் அவர்கள் மாதா கோயில் வழக்கத்தில் கிடையாது. ஆனாலும் இந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கும் என்று தமயந்தியை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். எது கைக்கு வந்ததோ அதில் அரிசியை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இந்தாக்கா."

பனையோலைப்பெட்டி. மூடி திறந்திருந்தது. அரிசி வெள்ளையாக மின்னியது.

தமயந்தியின் கை பாதி வழியில் நின்றது. 'தட்டுல கொண்டா மேரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லூர்துமேரி ஏன் என்றுகூடக் கேட்கமாட்டாள். பழுத்த வேப்பிலை ஒன்று சவப்பெட்டிமேல் வந்து விழுந்தது. இந்த அரிசியைத்தானே வடித்துக் கொட்டினோம் அவனுக்கும் இவனுக்கும், ஒரே தட்டில்.

கைநிறைய அள்ளினாள். சாக்பீஸ் கோடு போட்ட பக்கமாகப் பலகையின்மேல் போட்டாள். அரிசி வாய்க்குள் போகவில்லை. வாய் எங்கே இருக்கிறதோ. மரத்தில் பட்டுச் சிதறிக் கொடியின் மடிப்பில் போய் நின்றது.

"கொள்ளிச்சட்டிய எடு" என்றார் மாடசாமி.

சங்கரலிங்கம் நகரவில்லை.

"ஏ தம்பி, சட்டிய வாங்கு. நேரமாகுது."

"நான் வைக்கமாட்டேன்."

"என்ன சொல்லுத?"

"வேற யாரையாவது வைக்கச் சொல்லுண்ணே. என் கை வைக்காது. ஏன்னு கேட்டா சொல்லிட்டு வேணா வைக்கிறேன். எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன். சுபேதார் சார், நீங்களும் கேளுங்க..."

"ஏங்க." தமயந்தி எழுந்து நின்றாள். "உள்ள வாங்க. ஒரு நிமிஷம்."

அடுப்படிக் கதவைச் சாத்தினாள். பின்பக்கம் யாரோ வெந்நீருக்கு லெக்கோ என்கிற சுரங்கத்துக் கரிக்கட்டி போட்டு அடுப்பை மூட்டியிருந்தார்கள். கரி பிடித்து, ஜன்னல் வழியே அனல் வந்தது. அவர் அரிசி டின்மேல் கையை ஊன்றி நின்றார்.

"என்ன சொல்லப் போறீங்க அங்க?"

"உள்ளதை."

"சொன்னா?"

"சொன்னா... இது இறங்கும், தமயந்தி." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க சொல்லிக் குடுத்தவன்தான் வச்சான்னு கண்டீங்களா?"

"எவன் வச்சா என்ன? ஒருத்தனுக்கு நான் சொன்னேன், அவன் ஒருத்தனுக்குச் சொல்லியிருப்பான். சுத்தமா வெடிச்சிருக்கே. ஒண்ணுகூடப் பிசகலையே."

"உங்க பாரத்தை இறக்கி வைக்க எம்பிள்ள சாவுதான் கெடைச்சுதா உங்களுக்கு?" தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். அவர் நிமிர்ந்தார். "வெளியில நிக்கிறவன் அத்தனை பேரும் இன்னிக்கு எம்பிள்ளைக்காக வந்திருக்கான். நீங்க வாயைத் திறந்தா உங்களைத்தான் பாப்பான். அவனைப் பாக்கமாட்டான். நாளைக்கு இந்த வாசல்ல போலீஸ் ஜீப் நிக்கும், அவன் படத்துக்கு விளக்கேத்த ஆள் இருக்காது. அதுக்கா பெத்தேன்?"

"என் கையைப் பாத்தாலே..."

"நீங்க பாடம் சொன்னீங்க. நான் சோறு போட்டேன். உங்க கைக்கு ஆகாதுன்னா என் கைக்கு மட்டும் எப்படி ஆகும்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "மேரி அந்த ஓலைப்பெட்டியிலதான் அரிசியக் கொண்டு வந்தா. பாத்தீங்கல்ல? நான் அதிலேருந்துதான் எடுத்துப் போட்டேன். கை நடுங்காம போட்டேன். அப்பன் இருக்கும்போது அவனுக்கு அடுத்தவன் வைக்கணுமா?"

வெளியே சங்கு ஒருமுறை ஊதி நின்றது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். கதவைத் திறந்து போய் மாடசாமியின் முன்னால் கையை நீட்டினார். சட்டியின் உறியைப் பிடித்தபோது புகை அவர் முகத்தில்தான் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

தெருமுனை வரைக்கும் போய்ப் பெண்கள் நின்றுகொண்டார்கள். லாரி திரும்புகிற வரை தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வீடு கழுவுகிற வேலை.

முதலில் திரும்பி வந்தவர் சவரிராஜ், லூர்துமேரியின் புருஷன். சங்கரலிங்கத்தின் கையாளாக வெடி செக்‌ஷனில் சேர்ந்தவர். துவைகல்லின்மேல் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். கால் கழுவி ரொம்ப நேரமாகிவிட்டது.

"என்னங்க, சொல்லுங்களேன்" என்றாள் லூர்துமேரி. "துப்பாக்கி சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சி."

"மரியாதையெல்லாம் நல்லா பண்ணாங்க. கொடியை மடிச்சு அண்ணன் கையில குடுத்தாங்க." தமயந்தியைப் பார்க்காமலே பேசினார். "அண்ணி, ஒண்ணு நடந்துச்சு."

"சொல்லுங்க தம்பி."

"பெட்டியோடதான் அடுக்கினாங்க. முதுகைக் காட்டி நின்னுதான் அண்ணன் கொள்ளி வச்சாரு, சுடுகாட்டு ஆளு சொன்ன மாதிரியே. 'திரும்பிப் பாக்காம போய்கினே இரு சாமி'ன்னான் அவன். கொஞ்ச தூரம் போனாரு. அப்புறம் திரும்பிட்டாரு."

"மாதாவே" என்றாள் லூர்துமேரி.

"பெரியவரு கத்தறாரு, 'பாக்காதலே, பாக்காதலே'ன்னு. காதுலயே வாங்கல. நான் போய்க் கையப் புடிச்சு இழுக்கறேன், மரம் மாதிரி நிக்கறாரு. பலகை வெடிச்சு சரியற வரைக்கும் நின்னு பாத்துகினே இருந்தாரு." சவரிராஜ் மறுபடியும் காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். "இத்தினி வருஷமா அவரு கூட நடக்கறேன் அண்ணி. வெடி வச்சிட்டு ஒரு நாள்கூடத் திரும்பினது இல்ல. எங்களையும் திரும்ப வுட்டதில்ல."

தமயந்தி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். பெஞ்சுக்கடியில் சிதறிக்கிடந்த அரிசியை, கூட்டாமல், குனிந்து விரலால் பொறுக்கினாள்.

ஆண்கள் குளித்து முடித்துக் கலைந்தார்கள். மாடசாமி உள்ளே போய்ச் சுருண்டு படுத்துவிட்டார். ராணுவ லாரி பவுல்ராஜை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது அவன் தமயந்தியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் ஏறிக்கொண்டான்.

சங்கரலிங்கம் ஈரத்துண்டோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடித்த கொடி. தமயந்தி ஓலைப்பெட்டியைத் தலைகீழாகத் தட்டி, இடுக்கில் சிக்கிய அரிசியை எடுத்துக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரத்தில் லெக்கோ அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ஓலை. போட்டால் ஒரு மூச்சுக்குக்கூடத் தாங்காது.

"அந்தப் பையன் உன்கிட்ட தனியா என்னமோ சொல்லிக்கிட்டிருந்தானே" என்றார்.

"எந்தப் பையன்?"

"பெட்டியோட வந்தானே. பவுல்ராஜ்."

"ஆமா." அவள் ஓலை இடுக்கை ஊதினாள். "ராஜேந்திரன் சாம்பார் வச்சா வரிசையில நிப்பாங்களாம். எங்கம்மா கைப்பக்குவம்னு சொல்லிக்கிட்டே ஊத்துவானாம்."

"வேற?"

"வேற என்ன சொல்லுவான்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவள் அதை மறைக்கவில்லை.

அப்போது சுரங்கத்தில் சங்கு ஊதியது. மத்தியான வெடி. அடுப்படிப் பாத்திரங்கள் கிணுகிணுக்கத் தொடங்கின. ஓட்டிலிருந்து கொஞ்சம் தூசி இறங்கியது. வீட்டிலிருக்கும் நாளென்றால் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் வலது கை விரல் ஒன்று தானாக மடங்கும். இன்று இரண்டு கையும் முழங்கால்மேல் மலர்ந்தபடியே கிடந்தன.

சத்தம் நின்றது.

"எத்தனை வந்துச்சு?" என்றார்.

"ஏழு." தான் எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை வச்சாங்கன்னு தெரியலையே" என்றார் சங்கரலிங்கம்.

அவள் ஓலைப்பெட்டியின் மூடியைப் போட்டு எடுத்துப்போய், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள். திரும்பி வந்தபோதும் அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுரங்கத்துத் திசையில் காது கொடுத்துக்கொண்டே இருந்தார்.